நிற்கப் பழகிய குட்டி



ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் பற்றிக் கேட்டு இரண்டு வகைக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்று, ஆஸ்திரேலியாவின் கிராமப்புறங்களில் குடியேறியிருக்கும் நம் வாசகர்களிடமிருந்து. கொஞ்சம் மாடு வைத்திருக்கிறோம், பக்கத்துப் பண்ணையில் ஒரு குட்டி தருகிறார்கள், மாடு ஓட்டவும் பழக்க வேண்டும், ஷோவுக்கும் கொண்டுபோக ஆசை, எங்கே தொடங்குவது என்கிறார்கள். இன்னொன்று சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வருவது. பிள்ளைகள் ‘ப்ளூயி’ கார்ட்டூன் பார்த்துவிட்டு அதே மாதிரி நீல நாய் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள், வாங்கலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியது பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால், இந்த மாதம் என் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

இந்த இனத்துக்கு மாட்டைத் துரத்த யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அது பிறவியிலேயே வருகிறது. துரத்துகிற வேகத்தில் நம் குரல் காதில் விழுந்ததும் நிற்க வேண்டுமே, அதைத்தான் கற்றுத்தர வேண்டும். முதல் வருஷத்து வளர்ப்பு முழுக்க அந்த ஒரு பாடம்தான். வீட்டில் ஓடும் பிள்ளையின் காலைக் கவ்வாமல் நிற்பது, ஷோ வளையத்தில் முன்பின் தெரியாத ஜட்ஜ் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கும்போது நிற்பது, மாட்டின் பின்னால் பாய்ந்த பாய்ச்சலில் நிற்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஏன் இப்படி ஒரு நாய் என்று புரிய, அது உருவான இடத்துக்குப் போக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நியூ சவுத் வேல்ஸில் வேலி இல்லாத மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் பாதிக் காட்டு மாடாகவே திரிந்தன. அவற்றைத் திரட்டி, மலையும் புதரும் கடந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த சிட்னி சந்தைக்கு ஓட்டிவர வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த நாய்களால் அந்த வெயிலுக்கும் தூரத்துக்கும் ஈடுகொடுக்க முடியவில்லை. மேல் ஹன்டர் பள்ளத்தாக்கில் டார்ட்புரூக் பண்ணையில் இருந்த தாமஸ் ஹால், தன் பெற்றோரின் ஊர்ப்பக்கமான நார்தம்பர்லண்டிலிருந்து மாடோட்டி நாய்களை வரவழைத்து, பழக்கி வளர்த்த டிங்கோ என்ற ஆஸ்திரேலியக் காட்டு நாய்களோடு இனம் சேர்த்தார். 1840 வாக்கில் அவருக்கு வேண்டிய நாய் கிடைத்துவிட்டது. ‘ஹாலின் ஹீலர்கள்’, அதாவது குதிகாலைக் கவ்வி ஓட்டுபவை, என்று பேர். 1870-ல் அவர் இறக்கும்வரை அந்த நாய்கள் ஹால் குடும்பத்தாரைத் தாண்டி அதிகம் வெளியே போகவில்லை. அதன் பிறகுதான் மற்ற பண்ணைகளுக்குப் பரவின. ராபர்ட் கலெஸ்கி என்பவர் இதற்கு எழுதிய இன இலக்கணம் 1903-ல் ஏற்கப்பட்டது. கலெஸ்கி சொன்ன இன வரலாற்றில் சில பகுதிகளைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஆனாலும் இந்த நாயை எப்படிப் பார்க்க வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

மாடோட்டி நாயிடமிருந்து மனிதனோடு சேர்ந்து வேலை செய்யும் ஆசையும், டிங்கோவிடமிருந்து சத்தம் போடாமல் நாள் முழுக்க ஓடும் உடம்பும் வந்தன. அந்நியரை நம்பாத குணமும் சேர்ந்தே வந்தது. இப்போதைய இன இலக்கணம் அந்தச் சந்தேகக் குணத்தைக் குறையாகச் சொல்லவில்லை. இயல்பு என்றே ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுக்கொண்ட கையோடு, தொட்டுப் பார்க்க இடம் கொடுக்க வேண்டும், அதுவும் ஷோ வளையத்தில் கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனையும் போடுகிறது. இனி நான் சொல்லப்போகும் பழக்கமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பதுதான்.

மாட்டின் பின்னால் ஹீலர் வேலை செய்வதை நியூ சவுத் வேல்ஸ் பண்ணை ஒன்றில் கிட்ட நின்று பார்த்தேன். அடம்பிடித்து நின்ற ஒரு எருதின் பின்னால் நாய் தலையைத் தாழ்த்தி, ஏறக்குறைய ஊர்ந்து போனது. எருது நடக்கத் தொடங்கியதும், எந்தப் பின்னங்கால் தரையில் ஊன்றி எடையைத் தாங்குகிறதோ அந்தக் காலில், குளம்புக்குச் சற்று மேலே ஒரு கவ்வு. கவ்விய அடுத்த கணம் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. எடை தாங்கும் காலால் மாடு உடனே உதைக்க முடியாது. எடையை அடுத்த காலுக்கு மாற்றிய பிறகுதான் உதைக்கலாம். உதை வந்தபோது குளம்பு நாயின் தலைக்கு மேலே காற்றில் போனது. அதற்குள் எருது நாலு எட்டு முன்னே வைத்திருந்தது. இதை யாரும் அந்த நாய்க்குச் சொல்லித் தரவில்லை என்றார் பண்ணைக்காரர். தாயும் இப்படித்தான் செய்யுமாம்.

இதே கவ்வுதான் எட்டு வாரக் குட்டி உங்கள் வீட்டுக்கு வந்த அன்றே உங்கள் கணுக்காலில் விழும். குட்டிக்குக் கெட்ட குணம் என்று பயப்படாதீர்கள், அடிக்கவும் அடிக்காதீர்கள். அடித்தால் இந்த இனம் இரண்டில் ஒன்றாகும்: முறைத்துக்கொள்ளும், அல்லது கையைக் கண்டாலே ஒதுங்கும். கையைக் கண்டு ஒதுங்குகிற நாய் ஷோவுக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது. பல் தோலில் பட்டதும் விளையாட்டு நின்றுவிட வேண்டும். நீங்கள் மரம் மாதிரி அசையாமல் நில்லுங்கள். ஓடாத காலில் குட்டிக்குச் சுவாரசியம் இல்லை. அது விட்டதும், கவ்வ வேண்டியதைக் கொடுங்கள்: முடிச்சுப் போட்ட ஒரு கயிறு, கெட்டித் துணி. இழுத்து விளையாடுங்கள், நடுவில் ‘விடு’ என்று சொல்லி வாங்குங்கள், வாங்கியதைத் திரும்பக் கொடுங்கள். விட்டால் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட குட்டி பின்னால் மாட்டை விடச் சொன்னாலும் விடும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிவைக்க வேண்டும். குட்டி காலைப் பிடித்தால் கத்திக்கொண்டு ஓடக் கூடாது. சின்னப் பிள்ளைகளையும் குட்டியையும் பெரியவர் பார்வை இல்லாமல் ஒரே இடத்தில் விடவே கூடாது. சைக்கிளும் பைக்கும் போகிற தெருவில் குட்டி எப்போதும் வாரில்தான் இருக்க வேண்டும். உருளும் சக்கரத்தை இது மாடாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். இந்த இனத்தில் பிறவிக் காது கேளாமை கணிசமாக உண்டு. வெள்ளை நிறத்தைக் கொண்டுவரும் மரபணுக்களோடு அது தொடர்புடையது. குட்டிகள் கிட்டத்தட்ட வெள்ளையாகவே பிறந்து, சில வாரங்களில்தான் நீலமோ சிவப்போ ஏறுகிற இனம் இது. இரண்டு காதும் கேட்காத குட்டியை வீட்டில் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது மட்டும் கேட்காததை வீட்டுச் சோதனையில் கண்டுபிடிப்பது கடினம். கைதட்டினால் திரும்பும், பேர் சொன்னால் வரும். ஆனால் திறந்த வெளியில் விசில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாமல் தடுமாறும். காதிலிருந்து மூளைக்குப் போகும் மின் அலையை அளக்கும் ‘பேயர்’ சோதனையை ஆறு வார வயதுக்கு மேல் செய்யலாம். இரண்டு காதுக்கும் தனித்தனியாக முடிவு தெரிந்துவிடும். பொறுப்பான வளர்ப்பாளர் அந்தச் சான்றைத் தானே எடுத்துக் காட்டுவார். கண் பார்வை படிப்படியாகக் குறையும் ஒரு பரம்பரை நோயும் உண்டு. அதற்கு மரபணுச் சோதனை இருக்கிறது, தாய் தகப்பனுக்குச் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

மூன்றிலிருந்து பதினான்கு வாரம் வரை குட்டியின் மனசு திறந்திருக்கும் காலம். அப்போது பார்த்ததும் தொட்டதும் கேட்டதும் பிற்காலத்தில் பயமாகாது. இயல்பிலேயே சந்தேகப்படும் இனத்துக்கு இந்தச் சில வாரங்கள் தங்கம். தொப்பிக்காரர், தாடிக்காரர், கைத்தடி ஊன்றுகிற பாட்டி, டிராக்டர் சத்தம், இரும்புக் கேட்டின் கிரீச், ஆட்டுப்பட்டியின் வாடை எல்லாம் அறிமுகமாகட்டும். எல்லாரும் குட்டியைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்பதில்லை. பார்த்துப் பயப்படாமல் இருந்தாலே போதும். தினம் ஒருவர் உதட்டை மெல்லத் தூக்கிப் பல்லைப் பார்க்கட்டும், காதைத் தொடட்டும், நாலு பாதத்தையும் கையில் எடுத்துப் பார்க்கட்டும், வாலை நுனிவரை நீவட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னத் துண்டு தீனி. கால்நடை மருத்துவருக்கும் இதனால் வேலை சுலபம்.

ஷோ ஆசை உள்ளவர்களுக்கு அனுபவஸ்தர்கள் சொல்லும் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் ‘உட்கார்’ சொல்லித் தராதீர்கள், ‘நில்’ சொல்லித் தாருங்கள். தீனியைக் கண்டதும் உட்காரப் பழகிய குட்டி, ஷோ வளையத்தில் உங்கள் கையில் தீனியைப் பார்த்த மறுகணம் உட்கார்ந்துவிடும். ஜட்ஜுக்குப் பின்கால் அமைப்பும் முதுகுக் கோடும் தெரியாது. தீனித் தட்டை வைக்கும்போது, கதவைத் திறக்கும்போது, வாரைப் பூட்டும்போது நாலு காலிலும் நேராக நிற்கட்டும். மாட்டு வேலையிலும் இது பிரயோசனம். படுக்க மறுக்கிற துடிப்பான குட்டிகூட நின்ற இடத்தில் நிற்கச் சம்மதிக்கும்.

சரி, மாட்டிடம் எப்போது கொண்டுபோவது? எல்லாரும் அவசரப்படுகிற இடம் இதுதான். நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் பால்பல் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைக்கின்றன. அப்போது ஈறு வலிக்கும், கவ்வுகிற வேலை எதுவும் வேண்டாம். எலும்பு முனைகள் முழுதாக இறுக ஒரு வருஷமோ அதற்கு மேலுமோ ஆகும். அதுவரை உயரத்திலிருந்து குதிக்கவும், நீண்ட நேரம் வெட்டித் திரும்பி ஓடவும் விடக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேல் ஆர்வம் இருக்கிறதா என்று சும்மா காட்டிப் பார்க்கலாம். முறையான பழக்கத்துக்கு எட்டு, பத்து மாதமாவது ஆகட்டும். கூப்பிட்டால் வராத, சொன்னால் நிற்காத குட்டியை எந்த வயதிலும் மந்தைக்கு அருகே அவிழ்த்துவிடக் கூடாது.

முதல் பாடம் மாட்டில் வேண்டாம். நாய்க்குப் பழகிய, நிதானமான ஆடுகள் சில போதும். வாத்து மந்தையிலும் தொடங்குகிறார்கள். கன்றோடு நிற்கும் பசுவிடம் இளங்குட்டியை விட்டால் பசு திரும்பி முட்டும், அதில் தப்பே இல்லை. முதல் தடவையே பலமாக உதைபட்ட குட்டி பயந்து வேலையை வெறுக்கலாம், அல்லது ஆத்திரத்தில் கண்மண் தெரியாமல் கடிக்கப் பழகலாம். இரண்டையும் சரிசெய்வது பெரும்பாடு.

வட்டமான சின்னப் பட்டி நல்லது. மூலை இருந்தால் ஆடுகள் அங்கே நெருக்கியடித்து மாட்டிக்கொள்ளும், குட்டியும் அங்கே போய்க் கடிக்கும். குட்டியின் கழுத்துப்பட்டையில் நீளமான இலேசான கயிறு இருக்கட்டும். நீங்கள் ஆடுகளுக்கும் குட்டிக்கும் நடுவில் நில்லுங்கள். ஒவ்வொரு விலங்குக்கும் தன்னைச் சுற்றி ஒரு எல்லை உண்டு. அதற்குள் யாராவது நுழைந்தால் விலகும், வெளியேறினால் நிற்கும். அதன் தோளுக்குப் பின்னால் நீங்கள் போனால் முன்னே நகரும், தோளைத் தாண்டி முன்னால் வந்தால் நிற்கும் அல்லது திரும்பும். மேய்ப்பின் அடிப்படையே இந்த இரண்டும்தான். குட்டி இதை உணர்கிறதா என்று பாருங்கள். எல்லையின் விளிம்பில் வளைந்து போகிற குட்டி புத்திசாலி. நேரே உள்ளே பாய்கிற குட்டிக்கு நீங்கள்தான் குறுக்கே போய் வட்டத்தை அகலமாக்கிக் கொடுக்க வேண்டும்.

பார்டர் கோலி என்ற மேய்ப்பு நாயின் வழி வேறு. அது மந்தையைச் சுற்றிப்போய் மேய்ப்பனிடம் கொண்டுவரும். ஹீலர் பின்னால் நின்று முன்னே தள்ளும். அதனால் ஹீலர் பழக்குகிறவர் மந்தையின் முன்னால் நிற்பதோடு, நாயின் பக்கத்தில் நடந்தும் பழக்க வேண்டும். கடிகாரச் சுற்றுக்கு ‘கம் பை’, எதிர்ச்சுற்றுக்கு ‘அவே’ என்பவை பரவலான கட்டளைகள். வேலை முடிந்தது, வா என்பதற்கு ‘தட் வில் டூ’. ‘நில்’, ‘வா’, ‘போதும்’ என்று நம் பேச்சிலும் பழக்கலாம். எப்போதும் அதே சொல்லாக, அதே குரலாக இருந்தால் சரி.

ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து. குட்டி ஒரு தடவை நன்றாக நின்றதா, அங்கேயே முடித்துவிடுங்கள். களைத்த குட்டி சொன்னதைக் கேட்காது, கேளாததே பழக்கமாகிவிடும். நின்றதற்குப் பரிசாகத் தீனி வேண்டாம், இன்னொரு முறை ஆடுகளிடம் போக விடுங்கள். இந்த இனத்துக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. நின்றால் வேலை தொடரும், நிற்காவிட்டால் வேலை முடிந்தது என்பது குட்டியின் மண்டையில் ஏறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மாட்டிடம் போன பிறகு பின்னங்காலைக் கவ்வுவதைத் தடுக்காதீர்கள். அங்கே அது தேவைப்படும். வால், தொடை, வயிறு என்று கவ்வினால் உடனே கூப்பிட்டுவிடுங்கள். ஆட்டை மட்டும் எங்கேயும் கவ்வவே விடாதீர்கள்.

ஆஸ்திரேலிய வாசகர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். பண்ணை நாய்க்கு ஆட்டின் பச்சைக் குடல், ஈரலைப் போடாதீர்கள். அதன் வழியே வரும் ஹைடாடிட் நாடாப்புழு நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றி, ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாகும். மருத்துவர் சொல்லும் இடைவெளி தவறாமல் அதற்கான புழு மாத்திரை கொடுங்கள். நரிக்கும் காட்டு நாய்க்கும் 1080 நஞ்சு வைத்திருக்கிற நிலத்தில் நாயைக் கொண்டுபோகாமலிருப்பதே நல்லது. போயே ஆகவேண்டுமென்றால் வாய்க்கூடு போடுங்கள். அந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. கிழக்குக் கரையோரத்தில் இருப்பவர்கள் பக்கவாத உண்ணிக்குத் தினமும் விரலால் துழாவிப் பாருங்கள். இந்த நாய் வெயிலைத் தாங்குவதில் பேர்போனதுதான். ஆனால் தானாக வேலையை நிறுத்தாது. நிழலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும்.

ஷோவைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. வேலைக்கு ஒரு வம்சம், அழகுக்கு ஒரு வம்சம் என்று பிரிவது எந்த மேய்ப்பு இனத்துக்கும் நல்லதில்லை. கெல்பியிலும் பார்டர் கோலியிலும் அந்தப் பிரிவு ஏற்கெனவே நடந்துவிட்டது. கேட்டில் டாக்கின் இன இலக்கணம் இதில் தெளிவாக இருக்கிறது: உழைக்கும் நாய்க்குப் பொருந்தாத எந்த உடலமைப்பும் எந்தக் குணமும் பெரிய குறை. ஆண் நாய் 46 முதல் 51 சென்டிமீட்டர், பெண் 43 முதல் 48 என்று உயரம் வைத்திருப்பதுகூட அலங்காரத்துக்காக இல்லை. அதைவிட உயர்ந்தால் உதைக்குக் கீழே பதுங்க முடியாது. தோள் நன்றாகச் சரிந்திருந்தால்தான் எட்டு நீளமாக விழும், நாள் முழுக்க ஓடினாலும் களைக்காது. ஜட்ஜ் விலாவைத் தடவுவதும், தாடையைப் பார்ப்பதும், நேராகவும் முக்கோணமாகவும் ஓடவிட்டுப் பார்ப்பதும் இந்த உடம்பு மாட்டுக்குப் பின்னால் தாக்குப்பிடிக்குமா என்று அறியத்தான். ஆகவே வாரத்தில் சில நாள் ஆட்டுப்பட்டி, சில நாள் வளைய ஓட்டம் என்று இரண்டையும் சேர்த்தே பழக்குங்கள். குட்டிக்குக் குழப்பம் வராது. ஷோவுக்கு மெல்லிய ஷோ வார், மந்தைக்கு அகலமான பட்டை என்று வேறு வேறாக மாட்டிவிட்டால், எந்த வேலைக்குப் போகிறோம் என்பது அதற்கே தெரிந்துவிடும். முடி வெட்டுவது, சீவி அலங்கரிப்பது எதுவும் இந்த இனத்துக்குக் கிடையாது. ஒரு குளியல், நகம், காது சுத்தம், அவ்வளவுதான். முதல் ஷோக்களில் ரிப்பனை நினைக்காமல், குட்டி சந்தோஷமாகப் போய்ச் சந்தோஷமாகத் திரும்புகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எட்டாவது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை பொறுமை வேண்டும். நேற்றுவரை கூப்பிட்டதும் வந்தது இன்று நின்று யோசிக்கும், நேற்று தெரிந்தவரை இன்று முறைக்கும். வளரிளம் பருவம் அப்படித்தான். மறுபடியும் நீளக் கயிற்றுக்கும் சின்னப் பட்டிக்கும் திரும்புங்கள், பழைய பாடத்தைப் புதிதாகச் சொல்லிக்கொடுங்கள். இந்தச் சமயத்தில்தான் பல நாய்கள் வீடு மாறுகின்றன, காப்பகத்துக்குப் போகின்றன. இன்னும் சில மாதம் காத்திருந்தால் வாழ்நாள் துணையாகியிருக்கும். விக்டோரியா மாநிலம் ராச்செஸ்டரில் லெஸ் ஹால் என்பவர் 1910-ல் குட்டியாக வாங்கிய ப்ளூயி என்ற கேட்டில் டாக், ஏறக்குறைய இருபது வருஷம் மாட்டிலும் ஆட்டிலும் உழைத்து, 1939-ல் தன் 29-ஆவது வயதில் இறந்தது. எல்லா நாய்க்கும் அந்த ஆயுசு வராது. ஆனாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் உங்களோடு இருக்கப்போகிற உயிர் இது.

சென்னை, கோவைப் பெற்றோர்களே, உங்களுக்கு என் பதில்: வாங்காதீர்கள். அடுக்குமாடி வீட்டில், பகல் முழுக்கப் பூட்டிய கதவுக்குள், வேலை இல்லாத கேட்டில் டாக் தனக்குத் தானே வேலை தேடிக்கொள்ளும். அந்த வேலை உங்கள் பிள்ளையின் கணுக்காலாகவும், லிஃப்ட்டில் வரும் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கும். கடைசியில் எல்லாப் பழியும் நாய் மேல்தான் விழும். பிள்ளைகளுக்கு நாய் ஆசை இருந்தால் தெருவில் கேட்பாரற்றுத் திரியும் ஒரு குட்டியைத் தடுப்பூசி போட்டு எடுத்து வளருங்கள். ‘நில்’, ‘விடு’, ‘வா’ எல்லாம் அதற்கும் வரும். கயிற்று விளையாட்டையும் பாதம் தொடும் பழக்கத்தையும் பிள்ளைகளே சொல்லித் தரட்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

மாடும் நிலமும் நேரமும் உள்ளவர்கள் தாராளமாக வளருங்கள். வாங்குவதற்கு முன் தாயையும் தகப்பனையும் மந்தையில் ஒருமுறை பாருங்கள், காதுச் சான்றைக் கேளுங்கள், பக்கத்தில் பழக்கத் தெரிந்த ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். குட்டி வந்த பிறகு ஏற்படும் சந்தேகங்களை ஆசிரியர் முகவரிக்கு எழுதுங்கள். கால்நடை மருத்துவரிடமும் பழக்குநரிடமும் கேட்டு அடுத்தடுத்த இதழ்களில் பதில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்